நெல்லிக்காட்டுச் சந்தைக்குச் சரிவு வந்த கதை

மேல்நெல்லிக்காட்டுக்குப் போகும் மலைச்சாலை போன மழையில் பாதி உருண்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. அறுபது வீட்டுக்காரர்கள் அரிசி மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு ஏறினார்கள். புதுச் சாலைக்கு வரைபடம் போடும் வேலை அடிவாரத்தில் ஒரு சின்ன அலுவலகத்துக்கு வந்தது.

அங்கே சவரிராயன் கம்ப்யூட்டரில் வரைவார். மாசிலாமணி பின்னால் நின்று யோசனை சொல்வார். அது நல்ல யோசனை என்று ஏகாம்பரம் சொல்வார். மூவரும் மற்றவர் சொன்ன சொல்லை இம்மியும் மீற மாட்டார்கள். அதுதான் வினை.

உண்மையில் வேலையைச் செய்தவர் பொறியாளர் வத்சலா. அவர் தங்கை கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு போட்டார். கிளம்பும்போது சவரிராயனிடம் சொன்னார்:

"நல்லா கேட்டுக்குங்க சவரி. பள்ளத்துப் பக்கம் மண்ணு உயரம் ரெண்டு மீட்டருக்கு மேல போனா தாங்கு சுவர். போகலைன்னா சாய்வா ஒரு சரிவு. சரிவு கீழ நிலத்தைத் தொடுற வரைக்கும் போகணும், அந்தரத்துல நிக்கக் கூடாது. இந்த நிபந்தனையைப் போட்டுட்டா மிச்சத்தை கம்ப்யூட்டரே பாத்துக்கும்."

சவரிராயன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புரியவில்லை என்று சொன்னால் எழுப்பிவிடுவார்களோ என்று பயம்.

"மண்ணு எப்ப போகும்?" என்று ஆரம்பித்தார் மாசிலாமணி.

"'போனா'ன்னுதான் சொன்னாங்க. எப்பன்னு சொல்லலை."

"அப்ப நாமதான் போய்ப் பாக்கணும்."

"நல்ல யோசனை" என்றார் ஏகாம்பரம்.

மலையேறிப் போய், சாலை ஓரத்து மண்மேட்டின் பக்கத்தில் இரண்டு மீட்டர் குச்சி ஒன்றை நட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் இமைக்காமல் பார்த்தார்கள். மண் எங்கேயும் போகவில்லை. மத்தியானம் ஓர் ஆடு மட்டும் மேட்டில் ஏறிக் குச்சியைத் தாண்டி நின்றது.

"ஆட்டைக் கணக்குல சேக்கலாமா?" என்றார் மாசிலாமணி.

"மேடம் மண்ணுன்னுதான் சொன்னாங்க."

ஆட்டை விட்டுவிட்டார்கள். மறுநாள் சவரிராயன் சாலை முழுக்கச் சரிவு என்று தட்டினார்.

பத்து வளைவு வரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. சாலை ஓரத்திலிருந்து சாய்வாக இறங்கிய கோடு சமர்த்தாக நிலத்தைத் தொட்டு நின்றது. பதினோராவது வளைவில் மலை செங்குத்தாக இறங்குகிறது. கோடும் இறங்கியது. நிலம் கிடைக்கவில்லை. திரையை விட்டே வெளியே போயிற்று.

சவரிராயனுக்கு வியர்த்துவிட்டது. அந்தரத்தில் நிற்கக் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறாரே! மவுசை இழுத்தார், இழுத்தார், கை கடுக்கும் வரை இழுத்தார். கடைசியில் கோடு ஓர் இடத்தில் நிலத்தைத் தொட்டது. மாசிலாமணி ஊர் வரைபடத்தை வைத்துப் பார்த்தார். கீழ்நெல்லிக்காட்டு வாரச்சந்தை. அதிலும் தக்காளிக் கடை.

"இன்னைக்குச் சந்தை நாளாச்சே" என்றார் சவரிராயன்.

"சரிவு சொல்லாம கொள்ளாம போய் நின்னா நல்லா இருக்காது." என்றார் மாசிலாமணி. " முன்கூட்டியே சொல்லிடணும்."

"நல்ல யோசனை."

தக்காளி விற்றுக்கொண்டிருந்த அஞ்சுகத்திடம் சவரிராயன் கைகூப்பிச் சொன்னார்: "அம்மா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. சரிவு வருது."

"எங்கேருந்து?"

"மலை மேலேருந்து. பதினோராவது வளைவு."

"எவ்வளவு தூரம் வரும்?"

"உங்க கடையோட நின்னுடும். நானே அளந்து பாத்தேன்."

அஞ்சுகம் போட்ட கூச்சலில் சந்தை ஐந்தே நிமிடத்தில் காலி. கத்தரிக்காய் ஒரு பக்கம் ஓட, ஜனம் இன்னொரு பக்கம் ஓட, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துகொண்டார்கள். தாசில்தார் ஜீப்பில் பறந்து வந்தார்.

"மண்ணு சரியுதாய்யா?"

"மண்ணு எங்கேயும் போகலை சார். நேத்து முழுக்கப் பாத்தோம். சரிவு மட்டும்தான் வருது."

தாசில்தார் கொஞ்சம் யோசித்தார். "எத்தனை மணிக்கு வருதுன்னு எழுதிக் குடுங்க."

எத்தனை மணி என்பது மேடத்துக்குத்தான் தெரியும் என்று போன் போட்டார்கள். பின்னால் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது. சவரிராயன் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார்.

"பதினோராவது வளைவுல சுவர் வைய்யா!" என்று அலறினார் வத்சலா.

அலுவலகத்துக்கு ஓடிப்போய்ச் சவரிராயன் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையின் இடப்பக்கம், சாலை ஓரத்தில் சுவர் எழும்பியது. ஓடிப்போன கோடு அப்படியே சுருண்டு சுவருக்குள் அடங்கியது. சவரிராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சந்தையையே காப்பாற்றிவிட்டோம்!

மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேதி சொன்னார்கள். ஜனம் கை தட்டியது. தாசில்தார் சவரிராயனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அஞ்சுகம் மட்டும் கூடையை இறக்கவில்லை.

"சுவரு கட்டியாச்சா?"

"கட்டியாச்சும்மா."

"அதுக்குள்ளயா? எங்க?"

"கம்ப்யூட்டர்ல."

அஞ்சுகம் அதை மனதில் போட்டுப் பார்த்தாள். "சரி, கரண்டு போச்சுன்னா?"

இதை மூவருமே யோசிக்கவில்லை. மறுபேச்சில்லாமல் அலுவலகத்தைப் பார்த்து ஓட்டம் பிடித்தார்கள். வாசலை மிதிக்கும்போது மணி நாலு. ஊரே எதிர்பார்த்த மாதிரி கரண்டு போயிற்று. திரை இருண்டது. கீழே சந்தைப் பக்கம் மறுபடியும் கூச்சல்.

தாலி கட்டி முடிந்ததுமே காரைப் பிடித்துக்கொண்டு வந்த வத்சலா, அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்தார். கறுத்துக் கிடந்த திரையின் இடப்பக்கம் சவரிராயன் முதுகைக் கொடுத்து, காலை அறைச் சுவரில் ஊன்றி நின்றார். அவரை மாசிலாமணி தாங்கினார். மாசிலாமணியை ஏகாம்பரம் தாங்கினார். மூன்று பேர் சட்டையும் தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னய்யா பண்றீங்க?"

"பேசாதீங்க மேடம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார் சவரிராயன். "ஒரு மணி நேரமா சரிவைத் தாங்கிட்டு இருக்கோம். நீங்க இந்தப் பக்கம் வராதீங்க, பட்டுப் புடவையில மண்ணு விழும்."