ஒன்பது முட்டையும் ஒரு மூடியும்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபது. உலகத்தில் இப்படியும் நடக்கும்.

குரு கோகிலவாணி, கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு தையல்காரி. துணி வெட்டும் மேஜைக்கு அடியில் எப்போதும் ஒரு கூடை இருக்கும், கூடையில் ஓர் அடைக்கோழி இருக்கும். அவள் அடை வைத்தால் முட்டை வீணாகாது என்று தெருவே சொல்லும்.

சீடர் மாரப்பன், மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியில் பல்பும் சின்ன விசிறியும் பொருத்தி, மூடியில் ஒரு கண்ணாடித் துண்டும் பதித்து, முட்டை பொரிக்கும் பெட்டியைத் தன் கையாலேயே செய்திருந்தார். பெட்டி அருமையான பெட்டி. குஞ்சுதான் வரவில்லை. இரண்டு தரம் கடையில் நாட்டுக்கோழி முட்டை வாங்கி வைத்தார். இரண்டு தரமும் இருபதாம் நாள்வரை உள்ளே உயிர் இருந்தது. அதற்குப் பிறகு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போயின.

மூன்றாம் தரம் விளையாட்டில்லை. மனைவி சுலோச்சனா ஆசையாய் வளர்த்த செவலைக் கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. கூட்டுக் கதவைத் திறந்து போட்டவர் மாரப்பன். முட்டை இட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கப் போனார், பார்த்த சந்தோஷத்தில் சாத்த மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து சுலோச்சனா அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. "சோறு ஆறுது" என்பதைக்கூடச் சுவரிடம்தான் சொன்னாள். செவலை இட்டு வைத்த ஒன்பது முட்டையை அவர் முன்னால் வைத்தபோது சுவரிடம் இன்னொன்றும் சொன்னாள்.

"இதுவும் போச்சுன்னா செவலையோட வம்சமே போச்சு."

மாரப்பன் தன் நோட்டை எடுத்துக்கொண்டு கோகிலவாணியிடம் ஓடினார்.

"அம்மணி, இதைப் பாருங்க. வெப்பம் முப்பத்தேழரை, அப்படி இப்படி அசையல. ஈரம் எழுதியிருக்கறேன். பென்சில்ல அடையாளம் போட்டு நாளுக்கு அஞ்சு தரம் திருப்பியிருக்கறேன். எங்க தப்பு?"

கோகிலவாணி பக்கம் பக்கமாய்ப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல தப்பே இல்லீங்க சார்."

"அப்பறம் ஏன் சாகுது? கோழிகிட்ட இருக்கறது எம்பெட்டிகிட்ட என்ன இல்ல?"

"எங்கோழிய இன்னிக்கித்தான் அடை வெக்கறேன். நீங்களும் இன்னிக்கே வைங்க. தெனமும் காலையில வந்து இங்க உக்காந்து பாருங்க."

"என்னத்தைப் பாக்கறது?"

"கோழியத்தான்."

கூடையில் மணலைப் பரப்பி, முட்டைகளை அடுக்கி, ஓரத்தில் ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பு ஆணியும் வைத்தாள். மாரப்பனுக்குச் சிரிப்பு வந்தது.

"இது எதுக்குங்க?"

"இடிக்கு. முட்டை கலங்காது."

"ஆணி இடியைத் தடுக்குமா? நான் முப்பது வருசம் கரண்டுல வேலை பாத்தவனுங்க."

"உங்க பெட்டிக்கு எர்த்துக் கம்பி போட்டிருக்கறீங்களா?"

"போட்டிருக்கறேன்."

"அப்பறமென்னங்க" என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

மாரப்பன் அன்றே ஒன்பது முட்டையையும் பெட்டியில் வைத்தார். மறுநாள் காலை கோகிலவாணி வீட்டு மோடாவில் போய் உட்கார்ந்தார். பத்து மணிக்குக் கோழி எழுந்தது. நாலு பருக்கை கொத்தியது, தண்ணீர் குடித்தது, வாசலில் மண்ணைக் கிளறிக் குளித்தது. அவசரமே படவில்லை. மாரப்பனுக்குத்தான் வேர்த்தது.

"அம்மணி, முட்டை ஆறிப் போயிருமுங்களே!"

"ஆறட்டும்."

"கால் மணி நேரம் ஆச்சுங்க!"

"அதுக்கும் பசிக்குமல்லங்க."

இருபது நிமிஷம் கழித்துக் கோழி வந்து உட்கார்ந்தது. மறுநாளும் போனது, வந்தது. தன் பெட்டியின் வெப்பம் அரைப்புள்ளி இறங்கினாலே துடித்துப் போகிறவர் அவர். இந்தக் கோழிக்குக் கொஞ்சமும் பொறுப்பில்லை என்று முதலில் கோபப்பட்டார். ஒரு வாரம் போனதும், தான் இல்லாத நேரத்தில் முட்டை என்ன செய்யும் என்ற கவலையே அதற்குக் கிடையாதோ என்று யோசிக்க ஆரம்பித்தார்.

எட்டாம் நாள் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு முட்டைகளுக்கு டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்று கூமுட்டை. மற்ற எட்டிலும் சிவப்பு நரம்பு ஓடியது. ஒரு புள்ளி துடித்தது. சுலோச்சனா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் திரும்பியதும் போய்விட்டாள்.

பதினெட்டாம் நாள் கோழி எழுந்திருக்கவில்லை. பத்தாயிற்று, பதினொன்றாயிற்று. கோகிலவாணி தீனியை மூக்குக்குக் கீழேயே வைத்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னிக்கி ஏன் எந்திரிக்கல?"

"நீங்க சொல்லுங்க சார். நீங்கதான பாத்துட்டிருக்கறீங்க."

 கடைசி மூன்று நாள் திருப்பக்கூடாது, திறக்கக்கூடாது என்று மாரப்பனுக்கு நன்றாகத் தெரியும். திறந்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஓடிப்போகும், ஓட்டுக்கு உட்பக்கத் தோல் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். படித்திருக்கிறார். அடுத்தவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மூன்று நாளில்தான் மூடியின் கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியாது. கை துறுதுறுக்கும். ஒரே ஒரு தரம் என்று திறப்பார். அப்புறம் இன்னொரு ஒரே ஒரு தரம். நோட்டில் எல்லாம் எழுதியவர் அதை மட்டும் ஒரு நாளும் எழுதியதில்லை.

இந்தத் தடவை பதினெட்டும் பத்தொன்பதும் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டார். இருபதாம் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் மத்தியானம்வரை ஒன்றுமில்லை. கண்ணாடி முழுக்க ஆவி. செத்துவிட்டதா? மாட்டிக்கொண்டதா? மூடியில் கையை வைத்தார், எடுத்தார், வைத்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.

"அம்மணி, ஒரு தரம் தெறந்து பாத்துடட்டுங்களா? ஒட்டிக்கிட்டிருந்தா கொஞ்சம் உரிச்சு விட்டா போதும்."

கோகிலவாணி கத்திரியைக் கீழே வைத்தாள்.

"மொதல்ல எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. எங்கோழிக்கு அடியில எத்தனை முட்டை விரிசல் விட்டிருக்குது?"

இதற்கென்ன என்று மாரப்பன் குனிந்து கையை நீட்டினார். இத்தனை நாள் பார்த்த கோழி, பழகிய கோழி. புறங்கையில் ஒரே கொத்து. ரத்தம் வந்துவிட்டது. மறுபக்கமாகக் கையை விட்டுப் பார்த்தார். இன்னொரு கொத்து, முன்னதைவிடப் பலமாக.

"பாக்க விடமாட்டேங்குதுங்க!"

"சரி. ஊட்டுக்குப் போங்க."

"எங்கேள்விக்குப் பதில்?"

அவள் மெஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

மாரப்பனுக்குக் கோபம் கோபமாய் வந்தது. கேட்டது ஒன்று, கிடைத்தது இரண்டு கொத்து. வீட்டுக்கு வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தார். கை எரிந்தது. மூடியைத் தொடப் போகும்போதெல்லாம் அந்தக் காயம்தான் முதலில் கண்ணில் பட்டது. கடைசியில், முட்டைக்கு அடையாளம் போடுகிற பென்சிலை எடுத்து விரல்களுக்கு நடுவே இறுகப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் சுலோச்சனா வந்து நின்றாள். சத்தம் அவள் காதிலும் விழுந்திருந்தது. எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? மெல்லக் குனிந்து மூடியை நெம்பினாள்.

பென்சில் முனை அவள் விரலில் பட்டென்று விழுந்தது.

"ஆ! என்னையவே அடிக்கறீங்களா?"

இருபது நாளில் அவர் முகத்தைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு.  ஆனாலும் மாரப்பன் பென்சிலை இறக்கவில்லை.

"நாளைக்கிக் காலையில வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"நீங்களா இதைச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அவர்கள் மூடியைத் திறந்தபோது ஏழு குஞ்சுகள் நனைந்தும் காய்ந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இரண்டு அப்படியே செவலை நிறம். சுலோச்சனா ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"கூட்டுக் கதவைச் சாத்திட்டீங்களா?"

"இப்பவே போய்ப் பாத்துட்டு வர்றேன்."

சாத்தித்தான் இருந்தது. அப்படியே ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரையோடு கோகிலவாணி வீட்டுக்குப் போனார். மேஜைக்கு அடியில் கோழியின் இறக்கைக்குள்ளிருந்தும் மஞ்சளாய் இரண்டு தலை தெரிந்தது.

"ஏழு வந்துடுச்சுங்க அம்மணி! ஆனா ஒண்ணு மட்டும் வெளங்கல. அதே பெட்டி. அதே வெப்பம், அதே ஈரம். ஒரு கம்பிகூட மாத்தல. போன ரெண்டு தரமும் உங்க கோழிகிட்ட இருந்தது எம்பெட்டிகிட்ட என்ன இல்லாம போச்சு?"

கோகிலவாணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவருடைய புறங்கையில் காய்ந்திருந்த இரண்டு காயத்தையும் பார்த்தாள்.

"அலகுங்க சார்."