பிரியக்கூடாத தையல்

கோயம்புத்தூர் மில் முதலாளி ரங்கநாயகம், தானே ஓட்டிப்போக, படுக்கையும் அடுப்புமாக ஒரு சுற்றுலா வேன் வாங்கினார். வாங்கியவர் சும்மா இருந்தாரா? சீட் கவர் கடையில் கொண்டுபோய் நிறுத்தினார். அழுக்குத் தெரியாத துணியாக எடுத்துக் காட்டிய தையற்காரி சகாயமேரியை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே தடித்த ரெக்ஸினைத் தொட்டார்.

"இதுதான். இழுத்துப் பார்ப்பேன். ஒரு தையல் பிரிஞ்சாலும் உனக்கு இங்க வேலை கிடையாது!"

கடைக்காரரும் தலையாட்டிவிட்டார். ஆனால் முன் சீட்டுகளின் பக்கவாட்டில் ஓரிடத்தை மெல்லிய நூலில்தான் தைத்தாக வேண்டும். சகாயமேரி அப்படியே தைத்து மாட்டினாள்.

மறுநாள் மனைவி கோதாவரியோடு வந்த ரங்கநாயகம், பின் சீட்டிலிருந்து ஒவ்வொரு தையலாக இழுத்துக்கொண்டே முன்னால் நகர்ந்தார். எதுவும் அசையவில்லை. அவர் விரல் டிரைவர் சீட்டின் விலாவில் அந்த மெல்லிய நூலைத் தொட்டது.

டர்ரென்று பிரிந்தது.

"பார்த்தீங்களா இவ லட்சணத்தை!" என்று கடையே அதிரக் கத்தினார்.

"தடிநூல் போட்டு இறுக்கிடறேனுங்க," என்றாள் சகாயமேரி. "உள்ள ஏர்பேக் இருக்குதுங்க. வண்டி மோதினா இந்த நூலை அறுத்துட்டு உப்பி வந்துதான் ஆளைக் காப்பாத்தும். இறுக்கிட்டா வராதுங்க. முதல்ல உங்க சீட்டை இறுக்கட்டுங்களா, அம்மா சீட்டையா?"

ரங்கநாயகம் இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு சீட்டையே இறுக்கும்மா," என்றார் கோதாவரி. "பிரியக்கூடாதுன்னு கேட்டது அவருதானே?"

ரங்கநாயகம் குனிந்து, அறுந்த நூலைத் தரையிலிருந்து பொறுக்கினார்.

"இதே நூல் இன்னும் இருக்குதாம்மா?"