பொன்னலகியின் விக்கல்

அல்லிமடை ஏரியில் கூழைக்கடாக்கள் கூட்டமாக வாழ்ந்து வந்தன. அவை தனித்தனியாக மீன் பிடிப்பதில்லை. அரைவட்டமாக வரிசை கட்டும். சிறகால் தண்ணீரை அடித்து மீன்களைக் கரையோரத்துக்கு விரட்டும். ஆழம் குறைந்ததும் எல்லா அலகுகளும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் போகும்.

அந்த வரிசையின் கடைசி இடம் பொன்னலகியுடையது. தப்பி ஓடும் மீன்கள் அந்தப் பக்கமாகத்தான் வரும். அவற்றை மடக்கச் சுறுசுறுப்பு வேண்டும், சத்தமில்லாமல் நீந்தவும் தெரிய வேண்டும். பொன்னலகிக்கு இரண்டும் கைவந்திருந்தன.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் அவளுக்கு விக்கல் வந்தது.

“விக்!”

“யாரோ உன்னை நினைக்கிறார்கள்!” என்று பக்கத்தில் நீந்தியவள் சிரித்தாள். பொன்னலகியும் சிரித்தாள்.

மறுநாளும் விக்கல் நிற்கவில்லை. அடுத்த வாரமும் நிற்கவில்லை.

“இத்தனை நாளாகவா நினைப்பார்கள்? அவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?” என்று கேலி செய்தார்கள். இப்போது பொன்னலகிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு விக்கலும் நெஞ்சுக்குள் தைத்த கருவேல முள்ளைப் பிடுங்குவது போல வலித்தது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

“மூச்சை அடக்கு!”

“மூச்சு விடாமல் தண்ணீர் குடி!”

“தலைகீழாகத் தொங்கு!”

எல்லாவற்றையும் அவள் செய்து பார்த்தாள். மையன் என்ற நீர்க்காகம் ஒருநாள் பின்னாலிருந்து வந்து, “அடி திருடி! என் மீனைத் திருடிவிட்டாயே!” என்று கத்தியது. பொன்னலகி துள்ளி விழுந்தாள்.

“பயந்துவிட்டீர்களா அக்கா? அதிர்ச்சி கொடுத்தால் விக்கல் நின்றுவிடும்! அதற்காகத்தான்!” என்றது மையன்.

“விக்!” என்றாள் பொன்னலகி. கூட்டம் முழுவதும் சிரித்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கஷ்டம். மீன் தொண்டையில் இறங்க மறுத்தது. பாதி வழி போய் நின்றுகொள்ளும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. கண்ணில் நீர் முட்டும். எக்கி எக்கி வெளியே தள்ளினால்தான் மூச்சு வரும். கூழைக்கடாவுக்கு அலகின் கீழே பெரிய பை உண்டு. பொன்னலகிக்குப் பை நிறைய மீன் இருக்கும், வயிறு காலியாக இருக்கும்.

இதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. விழுங்கத் தெரியாத பறவையும் உண்டா என்று கேட்டுவிடுவார்களே! மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சிறகு உலர்த்தப் போனதும், அவள் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். பொடி மீனாக ஒன்றை எடுப்பாள். தலையைத் தாழ்த்தி, கழுத்தை மார்போடு ஒட்டி மடக்குவாள். ஒரு மடக்குத் தண்ணீரோடு மெதுவாக உள்ளே விடுவாள். அப்படிச் செய்தால் சில சமயம் இறங்கும். நடுவில் விக்கல் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரைப் பகல் ஆகும்.

கோடை வந்தது. ஏரி சுருங்கியது. மீன் அரிதானது. பசித்த வயிறுகளுக்குக் கண் கூர்மை அதிகம். பாறைக்குப் பின்னால் பை புடைக்க உட்கார்ந்திருந்த பொன்னலகியை மையன் பார்த்துவிட்டது.

தப்பி வரும் மீன்களுக்காக, வரிசையின் கடைசி இடத்தின் மேல் மையனுக்கு வெகுநாளாக ஆசை. அது நேராகத் தலைவனிடம் போனது. தலைவன் பெயர் நெட்டலகன். கண்டிப்பானவன், ஆனால் அவசரக்காரன்.

“தலைவரே, உங்கள் இளம் பறவைகள் பசியில் கத்துகின்றன. பொன்னலகி அக்காவின் பையோ நிரம்பி வழிகிறது. தின்னவும் இல்லை, கொடுக்கவும் இல்லை! வேண்டுமானால் வந்து பாருங்கள்!”

நெட்டலகன் கூட்டத்தோடு வந்தான். பை புடைத்துத்தான் இருந்தது.

“பொன்னலகி! எதற்காக இத்தனை மீனைப் பையில் வைத்திருக்கிறாய்?”

அவள் பதறினாள். பதற்றத்தில் விக்கல் கூடியது. “தலைவரே, பதுக்கி வைக்க... விக்! விக்! விக்!”

“பதுக்கி வைக்கவாம்! அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்!” என்று மையன் கத்தியது.

பொன்னலகி அலகைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடியும் விக்கல். நெட்டலகன் அதற்குள் திரும்பிவிட்டான்.

“இனி வரிசையில் உனக்கு இடமில்லை. ஏரி வற்றுகிறது. நாளை மறுநாள் காலையில் நாங்கள் கிழக்கே கழிமுகத்துக்குப் பறக்கிறோம். நீ வர வேண்டாம்!”

கூழைக்கடா நெடுந்தூரம் தனியாகப் பறக்காது. முன்னால் போகும் பறவையின் சிறகுக் காற்றில் பின்னால் வரும் பறவை மிதந்து போகும். தனியாக விடுவது என்றால், வற்றும் ஏரியில் சாக விடுவது என்றுதான் பொருள். அது பொன்னலகிக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும். அவளோடு சேர்ந்து குஞ்சு பொரித்தவர்கள்கூட வேறு பக்கம் பார்த்தார்கள்.

மறுநாள் அவள் பாறையருகே தலை கவிழ்ந்து கிடந்தாள். பக்கத்துச் சேற்றில் ஒரு மடையான் கொக்கு நின்றிருந்தது. காலையிலிருந்து அங்கேதான் நின்றது. பெயரை வைத்து அதை எல்லோரும் மடையன் என்று கேலி செய்வார்கள்.

“அக்கா, எங்கே வலிக்கிறது?” என்று கேட்டது மடையான்.

பொன்னலகி தலையைத் தூக்கினாள். இத்தனை நாளில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. என்ன செய்ய வேண்டும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

“நெஞ்... விக்! நெஞ்சில்... விக்!”

சொல்லிவிட்டு, இதுவும் கிளம்பிப் போய்விடும் என்று நினைத்தாள். மடையான் போகவில்லை. மீனுக்காக நாள் முழுவதும் அசையாமல் நிற்கும் பறவைக்கு, ஒரு சொல்லுக்காக நிற்பது பெரிய காரியமா? காலை மாற்றிக்கொண்டு நின்றது. விக்கல் வந்தபோதெல்லாம் பேசாமல் இருந்தது. அவள் தேடிய சொல்லை அது எடுத்துக் கொடுக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. வெயில் ஏறி, உச்சிக்குப் போய், சாயத் தொடங்கியது. தொண்டை, பை, பாறை மறைவு, வெட்கம் எல்லாவற்றையும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி முடித்தாள்.

கடைசியாக, “நான் பதுக்கி வைக்க... விக்!... வில்லை” என்றாள்.

“ஐயோ! பதுக்கி வைக்கவில்லை என்றா சொன்னீர்கள்? அந்த ‘இல்லை’ வந்து சேரும் முன்பே எல்லோரும் கிளம்பிவிட்டார்களே!”

“உனக்கு... விக்!... இதற்கு மருந்து தெரியுமா?”

“தெரியாது அக்கா. நெட்டலகன் எங்கே இருப்பார் என்று தெரியும்.”

மடையான் போய்ச் சொன்னது. நெட்டலகன் முதலில் நம்பவில்லை. “விழுங்க முடியாத கூழைக்கடாவா? கதை கட்டாதே!”

“கதையாகவே இருக்கட்டும். முடியும் வரை கேளுங்கள், போதும்.”

புறப்பட வேண்டிய காலையில் நெட்டலகன் பாறைக்குப் பின்னால் வந்தான். மையனும் ஒட்டிக்கொண்டு வந்தது. பொன்னலகி பொடி மீன் ஒன்றை எடுத்தாள். தலையைத் தாழ்த்தினாள். கழுத்தை மடக்கினாள். விக்கல் வந்தது. மீன் வெளியே விழுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. அவள் உடம்பு நடுங்குவதை நெட்டலகன் பார்த்தான். தன்னை அறியாமல் அவனும் தலையைத் தாழ்த்தினான், கழுத்தை மடக்கினான். மீன் இறங்கியபோது சூரியன் பாறையின் உச்சிக்கு மேலே ஏறியிருந்தது.

“ஒரு மீனுக்கு இவ்வளவு பாடா!” என்றான் நெட்டலகன். பிறகு மையன் பக்கம் திரும்பினான். “நீ என்னவோ சொன்னாயே?”

“கண்ணால் பார்த்ததைத்தானே தலைவரே சொன்னேன்!”

“பார்த்தாய். கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. எனக்கு என்ன அவசரமோ, தெரியவில்லை.” அவன் பொன்னலகியிடம் வந்தான். “தப்பு செய்துவிட்டேன் அம்மா. எங்களோடு வா.”

“நான் வந்தால்... விக்!... வழியில் நிற்க வேண்டும். சாப்பிட... விக்!... நேரமாகும்.”

நெட்டலகன் அசையாமல் நின்று முழுவதையும் கேட்டான். “நிற்போம்” என்றான்.

“தாமதமாகுமே!” என்று, புறப்படுவதற்காக வந்து கூடிய இளம் பறவைகள் முணுமுணுத்தன.

“ஆகும்” என்றான் நெட்டலகன்.

அப்படியே ஆனது. வழியில் இருந்த குளங்களில் எல்லாம் கூட்டம் இறங்கியது. பொடி மீன்களை அவளுக்காக ஒதுக்கினார்கள். அவள் தலையைத் தாழ்த்தி, ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கும் வரை காத்திருந்தார்கள். சிலர் அலுத்துக்கொண்டார்கள். சிலர் தூங்கினார்கள். மற்றக் கூட்டங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து, நல்ல மரங்களைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் இவர்கள் கழிமுகத்தை அடைந்தார்கள். கிடைத்த மரத்தில் கூடு கட்டினார்கள். ஒருவரும் குறைந்துவிடவில்லை.

பொன்னலகியின் விக்கல் தீரவில்லை. சில நாள் அடங்கியிருக்கும், சில நாள் ஆட்டிவைக்கும். வலி இருந்தது. வரிசையின் கடைசி இடத்துக்கு அவள் திரும்பவில்லை. விக்கல் சத்தத்தில் மீன் கலைந்துவிடும் என்று அவளே விலகிக்கொண்டாள். ஆனால் பாறை மறைவைத் தேடுவதை விட்டுவிட்டாள். எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து, தன் நேரத்தை எடுத்துக்கொண்டு சாப்பிட்டாள். புதிதாக வந்த பறவை ஏதாவது உற்றுப் பார்த்தால், “எனக்குத் தொண்டையில் ஒரு நோவு” என்று தானே சொல்லத் தொடங்குவாள். சொல்லி முடிக்க நேரமாகும்.

ஒருவர் சொல்ல வருவதை முடியும் வரை கேட்காதவர், அவருடைய வலியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.