ஏசியின் அடியில் நின்ற தண்ணீர்

"அந்தத் தண்ணியைக் கொட்ட எனக்கு மனசு வரலைம்மா" என்றார் தெய்வசிகாமணி.

குரு வேதவல்லி அவரைவிட இருபது வயது இளையவர். எந்தத் தண்ணீர் என்று கேட்டார்.

போன கோடையில், மனைவி பூங்கோதை படுத்த படுக்கையாகிவிட்டபோது, உருட்டி நகர்த்துகிற ஏசி ஒன்றை தெய்வசிகாமணி அவள் அறைக்கு வாங்கிப் போட்டிருந்தார். அது அறைக் காற்றின் ஈரத்தை இழுத்துத் தன் அடித்தொட்டியில் சேர்த்துக்கொள்ளும். தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும், ஏசி நின்றுவிடும். சாயங்காலமானால் பின்பக்கத்து ரப்பர் மூடியைப் பிடுங்கி, தாம்பாளத்தில் பிடித்துக் கொட்டுவது அவர் வேலை.

பூங்கோதை போன அன்றும் விளக்கு எரிந்தது. அன்றைக்கு யார் கொட்டுவார்கள்? ஒயரைப் பிடுங்கியதோடு சரி. அதற்குப் பிறகு அவர் மூடியைத் தொடவே இல்லை.

"அது அவ மூச்சும்மா. அவ வேர்வை. அவகிட்டேர்ந்து எனக்கு மிஞ்சினது அவ்வளவுதான்."

அடுத்த வாரம் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். இந்த வெயிலில் குழந்தையைப் போட வேறு அறை கிடையாது. ஏசியைச் சுத்தம் செய்ய அவள் அனுப்பிய ஆளை இவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். மகளிடம் என்ன சொல்வது? பைத்தியம் என்றுதான் நினைப்பாள். நினைத்தால் தப்பும் இல்லை.

பற்று, பாசம் என்று குரு ஏதாவது சொல்வார் என எதிர்பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களே அதையெல்லாம் வேண்டிய மட்டும் சொல்லியிருந்தார்கள்.

வேதவல்லி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பார்க்கலாம்."

அறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. புழுக்கம், ஊசல் வாடை. மூலையில் ஏசி, அதன் பக்கத்தில் கட்டில்.

"நீங்க எங்க படுக்கறீங்க?"

"இங்கதான். அவ கட்டில்லதான்."

குரு தரையில் உட்கார்ந்து, மூடியை எடுக்கச் சொன்னார்.

தெய்வசிகாமணி உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியைக் கழுவித் துடைத்து எடுத்து வந்தார். ஊற்றி மூடி வைத்துக்கொள்ளலாம் அல்லவா? குரு வேண்டாம் என்று சொல்லவில்லை. தாம்பாளத்தை அவரே பிடித்துக்கொண்டார்.

மூடி ஒட்டிப்போயிருந்தது. நகம் வலிக்கப் பிடுங்கினார்.

ஒன்றும் வரவில்லை.

ஏசியைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். பழுப்பாகக் கொஞ்சம் கசடும் வெள்ளையாக உப்புப் பொருக்கும் தாம்பாளத்தில் விழுந்தன.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பூங்கோதை இறந்த அன்று கூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை.

"மூடி போட்டுத்தானேம்மா வெச்சிருந்தேன்."

"உள்பக்கம் திறந்துதானே இருக்கு. காஞ்சு போச்சு."

"எங்க போச்சு?"

வேதவல்லி சாத்திய ஜன்னலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"இந்த ரூமுக்குள்ளதான் போயிருக்கும். நீங்களும் ஒரு வருஷமா இங்கதான் மூச்சு விட்டுட்டு இருக்கீங்க."

தெய்வசிகாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

குரு எழுந்து போய் ஜன்னல் கொக்கியில் கை வைத்துக் காத்திருந்தார்.

தெய்வசிகாமணியின் முகம் சிவந்தது. கண் பிதுங்கி நீர் கோத்தது. எவ்வளவு நேரம்தான் பிடித்து வைக்க முடியும்?

விட்டார்.