எதிராளியின் கணினி

சிறுமலை அடிவாரத்தில் வாதம் கற்றுத்தரும் குருகுலம் ஒன்று இருந்தது. அதன் தலைவி மங்களநாயகியை மாணவர்கள் அம்மா என்பார்கள். அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான். எதிராளியின் தரப்பை முதலில் நீ எடுத்துச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், இதுதான் என் தரப்பு’ என்று எதிராளியே தலையாட்டிய பிறகுதான் உன் தரப்பைத் தொடங்கலாம். தலையாட்ட வைக்க முடியாதவர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வேண்டுமென்றே தலையாட்டாமல் அடம்பிடிப்பவரை அம்மா ஒரு பார்வை பார்ப்பார். அது போதும்.

அங்கு நடக்கும் வாதங்களைப் படம்பிடித்து, எடிட் செய்து, இணையத்தில் ஏற்றும் வேலை நிறைமதியுடையது. பல்கலைக்கழகப் படிப்புக்கு நடுவே அதை உயிராகச் செய்துவந்தாள். குருகுலத்தின் பழைய பிசி கணினி ஒருநாள் உயிரை விட்டது. புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும்.

ஆப்பிளின் மேக் கணினி வாங்கலாம் என்றான் சக மாணவன் அருள்நம்பி. அவனிடம் ஒரு மேக் இருந்தது. மேக் வந்தால் அதில் பழகியவன் அவன்தான் என்று எடிட்டிங் நாற்காலியும் அவனுக்கே போய்விடும். அதை அவன் மறைக்கவும் இல்லை.

“ஸ்க்ரூடிரைவரும் கையுமா அலையறதை விட்டுட்டு, இனிமேலாவது நிம்மதியா இரு தாயே” என்று வேறு சொன்னான்.

நிறைமதிக்குச் சுர்ரென்று ஏறியது. அன்று மாலைக் கூட்டத்திலேயே எழுந்து பொரிந்து தள்ளினாள். மேக்கில் ராம் என்கிற நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்டவே வழியில்லை, வாங்கியது வாங்கியதுதான் என்றாள். பிசி அப்படியா? இன்றைக்கு ராம், பிறகு ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று வேண்டும்போது சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம், பிசிதான் மலிவு என்றாள்.

கூட்டம் கைதட்டியது. அம்மா தட்டவில்லை.

“நம்பியின் தரப்பைச் சொன்னாயா?”

“அதில் சொல்ல என்ன அம்மா இருக்கிறது? பளபளப்பு. அவ்வளவுதான்.”

எல்லோரும் அருள்நம்பியைப் பார்த்தார்கள். அவன் தலை அசையவில்லை.

“உட்கார்” என்றார் அம்மா.

உட்கார்ந்தாள். காது மடல் வரை கொதித்தது. அவமானமாகக்கூட இல்லை, கோபம்தான். அந்தக் கோபத்தோடே மறுநாள் அருள்நம்பியின் முன்னால் போய் நின்று, ஒரு வாரத்துக்கு மேக்கைக் கொடு என்றாள். கீறல் விழாமல் பார்த்துக்கொள் என்று குழந்தையை ஒப்படைப்பவன் போலக் கொடுத்தான்.

முதல் நாள் அதைத் திட்டிக்கொண்டே வேலை செய்தாள். அடுத்த நாளும் திட்டினாள், கொஞ்சம் குறைவாக. வாரம் முடிவதற்குள் ஒரு முழு வாதத்தையே அதில் எடிட் செய்து முடித்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவள் எழுந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது.

“நம்பியின் தரப்பைச் சொல்கிறேன்” என்று ஆரம்பித்தாள். “பிசியின் ஃபேன் சத்தம் நான் பதிவு செய்யும் குரலில் எல்லாம் ஏறிவிடும். உட்கார்ந்து அதை நீக்கிக்கொண்டிருப்பேன். மேக்கில் நீக்க எதுவுமே இல்லை. மூடியைத் திறந்தால் நேற்று விட்ட இடத்தில் வேலை நிற்கிறது. பிசி மலிவு என்று சொன்னேனே, அதைக் கழற்றிப் பூட்டிய என் ஞாயிற்றுக்கிழமைகளை நான் விலையில் சேர்க்கவில்லை. என் நேரம் இலவசம் என்று நானே முடிவு செய்திருக்கிறேன். மேக் வாங்குகிறவர் இயந்திரத்தை மறந்துவிட்டு வேலையைப் பார்க்க விலை கொடுக்கிறார். இதுதானே நம்பி?”

அருள்நம்பி வாயைத் திறந்தபடி இருந்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான்.

“இப்போது நீ” என்றார் அம்மா.

அவன் எழுந்தான். “பிசி விலை குறைவு. திறந்து எதையாவது சேர்க்கலாம்.”

“எதற்குச் சேர்க்க வேண்டும்?” என்றாள் நிறைமதி.

“பத்தாமல் போனால்.”

“ஏன் பத்தாமல் போகிறது?”

அவன் அம்மாவைப் பார்த்தான். நிறைமதி தானே பாகம் பாகமாகச் சேர்த்த சொந்த பிசி அடுத்த அறையில் இருக்கிறது, போய்த் திறந்து பார்த்துவிட்டு வா, காத்திருக்கிறோம் என்றார் அம்மா.

அருள்நம்பி சிரித்தான். “அதில் பார்க்க என்ன அம்மா இருக்கிறது? டப்பாதானே.”

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை. நிறைமதியின் தலை அசையவில்லை.

“உட்கார்” என்றார் அம்மா. “நிறைமதி, இனி உன் தரப்பு.”

பேசுவதற்கு அவளிடம் ஒரு மூட்டை இருந்தது. சென்ற கூட்டத்தில் பேசியதெல்லாம் அப்படியே நாக்கு நுனியில் நின்றது. எடுத்துப் பார்த்தாள். பெரும்பாலும் தேவைப்படவில்லை.

“நாளைக்கு நமக்கு எவ்வளவு வேண்டும் என்று இன்றைக்கே தெரிந்தவர்களுக்கு மேக் போதும். எனக்குத் தெரியாது. அதனால்தான் எனக்குத் திறக்கிற பெட்டி வேண்டும்.”

அவ்வளவுதான். கைதட்டல் கூரையைத் தூக்கியது. சென்ற கூட்டத்தில் அவள் உட்கார்ந்தபோது பரிதாபமாகப் பார்த்தவர்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். இம்முறை அம்மாவும் தட்டினார். நிறைமதி நிமிர்ந்து நின்றாள். கண் கலங்கியதைத் துடைக்கவும் இல்லை.

ஓசை அடங்கும்வரை காத்திருந்து அருள்நம்பி கை தூக்கினான். தோற்றுவிட்டதை ஒப்புக்கொண்டான். ஆனால் அவனுக்கு ஒரு சந்தேகம்.

“மேக்குக்காக என்னைவிட நன்றாகப் பேசியது இவள்தான் அம்மா. அப்படியென்றால் மேக்கையே வாங்கலாமே?”

“வாங்கலாம்” என்றார் அம்மா. “நிறைமதி சொன்னால் வாங்கலாம். உங்கள் இரண்டு பேரின் தரப்பையும் கேட்டவள் அவள் ஒருத்திதான்.”