சம்பந்தி கொடுத்த ஷூ

“விழாம இருக்க என்னங்க வழி, டீச்சர்?”

ஜெசிந்தா டீச்சர் ஒரு விரலை நீட்டிச் சென்னியப்பனின் தோளைத் தொட்டார்.

தொட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். தள்ளினார் என்றால் மிகை.

கம்பத்தைப் பிடித்திருந்த கை நழுவியது. சென்னியப்பன் சைக்கிளோடு சாய்ந்தார். விழுந்த இடம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நீளம் தாண்டும் மணல் குழி. வாய்க்குள் மணல் போனது.

“இது ஒரு பதிலுங்களா?”

“எழுந்திருங்க.”

“முடியலைங்க. காலு மாட்டிருக்கு.”

“யாரு காலு?”

அவர் யோசித்தார். படுத்தபடியே.



பெடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கேட்கக் கூடாது.

ஷூவின் அடியில் ஒரு கொக்கி. பெடலில் மிதித்தால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் விடும். ஓடும்போது சுகம். நிற்கும்போது திருப்ப மறந்தவன் வெட்டின வாழை மாதிரி சாய்வான். வேகம் இருக்காது. அதனால் எல்லோரும் நிதானமாகப் பார்க்கலாம்.



சென்னியப்பன் கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்கிறவர். ஐம்பது தாண்டிவிட்டது. மகளுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி. உறுதி செய்ய வந்த அன்று பூ, பழம், வெற்றிலைத் தட்டுகளோடு ஓர் அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தார். உள்ளே ஷூவும் பெடலும்.

ஷூவைத் தட்டில் வைக்க முடியுமா? தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்கள். அதற்கு மட்டும் யாரும் பொட்டு வைக்கவில்லை.

“நீங்களும் சைக்கிள் ஓட்டுவீங்கன்னு பையன் சொன்னானுங்க. எங்கிட்டயும் இதே ஷூதான். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, பேரூர் வரைக்கும் ஒண்ணாப் போயிட்டு வந்தர்லாமுங்க சம்பந்தி.”

சென்னியப்பன் கடைசியாகச் சைக்கிள் ஓட்டியது பாலிடெக்னிக் போவதற்கு.

“போலாமுங்க” என்றார்.

சம்பந்தி கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அளவும் சரியாக இருந்தது. அது இன்னொரு கெட்ட நேரம்.

மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

“கையை ஒடச்சுக்கிட்டு வந்து நின்னா, தாரை வார்க்கறது யாரு? உங்க தம்பியா?”

தம்பியோடு அவர் பேசுவதில்லை. மகளைத் தாரை வார்க்கிற கையைத் தம்பிக்கு விட்டுக்கொடுப்பதா?

அன்றைக்கே பழைய சைக்கிளில் அந்தப் பெடலைப் பூட்டிக்கொண்டு, சைக்கிள் பழக்கும் பள்ளிக்கூட விளையாட்டு டீச்சரைத் தேடிப் போனார்.



அடுத்த நாள் காலை போனபோது மணலில் ஏற்கெனவே ஒரு தடம் இருந்தது. தோள், இடுப்பு, முழங்கால். ஆள் விழுந்த தடம். பெரிய ஆள்.

“இது யாருங்க?”

“சாயங்காலம் வர்ற ஸ்டூடண்ட்.”

“கனமான பையனா இருப்பான் போல.”

“ம்.”

“ரொம்ப விழறானுங்களோ?”

“ம்.”

“பாவம்” என்றார் சென்னியப்பன். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

டீச்சர் விரலை நீட்டினார்.

சென்னியப்பன் பழைய தடத்துக்குள்ளேயே போய் விழுந்தார். இடம் தாராளமாக இருந்தது.

“கையை ஊனாதீங்க!”

“விழும்போது வேற எதைங்க ஊனறது?”

“எதையும் ஊன வேண்டாம். ஹேண்டிலை விடாதீங்க. தோளு வாங்கிக்கட்டும். கையை ஊனினா கை போயிரும்.”

கை என்றதும் தம்பி ஞாபகம் வந்தது. அப்புறம் அவர் ஒருநாளும் கையை ஊன்றவில்லை.



“எப்பங்க கழட்டறது?”

“நிக்கறதுக்கு முன்னாடி.”

“நிக்கப் போறோம்னு முன்னாடியே எப்படிங்க தெரியும்?”

விரல். மணல்.



“எந்தக் காலைக் கழட்டறது?”

“எந்தப் பக்கம் விழப் போறீங்களோ அந்தக் காலை.”

“நான் விழப் போறதில்லைங்களே.”

“அப்ப எதுக்குக் கழட்டறீங்க?”

இதற்கு விரல்கூடத் தேவைப்படவில்லை. யோசித்துக்கொண்டே கம்பத்தை விட்டுவிட்டார்.



ஒருநாள் அவருக்கு ரோஷம் வந்தது.

“நான் ஓட்டக் கத்துக்க வந்தனுங்க. நீங்க விழத்தான் சொல்லிக் கொடுக்கறீங்க.”

“ஓட்டத்தான் உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியுங்க.”

“அப்புறம்?”

சென்னியப்பன் உடம்பிலிருந்து மணலைத் தட்டினார். பனியனுக்குள் போனது வரவில்லை.



சனிக்கிழமை, டீச்சரின் விரல் தோளுக்கு வந்து சேரும் முன்பே சென்னியப்பனின் குதிகால் தானாகத் திரும்பியது. கால் தரையில் இருந்தது. அவரும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

“டீச்சர்! நின்னுட்டனுங்க!”

“ம்.”

“அப்ப முடிஞ்சுதுங்களா?”

“நின்னீங்க. அவ்வளவுதான்.”

“இதுக்கு மேல என்னங்க இருக்கு?”

டீச்சர் விசிலை எடுத்து ஊதினார். மைதானத்தின் அந்தக் கோடியில் கோ-கோ பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள்.

“நாளைக்கு ரோட்டுல போயிட்டு வந்து சொல்லுங்க.”



ஞாயிறு. பேரூர் ரோடு. அர்த்தநாரி மஞ்சள் பனியனில் வந்திருந்தார். பெரிய உடம்பு. பனியன் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

“நீங்க முன்னாடி போங்க சம்பந்தி.”

“அய்யோ, நீங்க போங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க.”

“பொண்ணு கொடுக்கறவங்க முன்னாடி நாங்க போறதா? நீங்க போங்க.”

யாரும் முன்னால் போகவில்லை. இரண்டு சைக்கிளும் சோடி மாடு மாதிரி பக்கத்துப் பக்கத்தில் போயின. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது.

வழியில் ஒரு வாய்க்கால் பாலம். குறுகல். எதிரே தேங்காய் மட்டை ஏற்றிய லாரி. லாரிக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள்தான் போகலாம்.

இரண்டு பேரும் வேகத்தைக் குறைத்தார்கள்.

“நீங்க போங்க.”

“இல்லைங்க, நீங்க.”

“சொன்னாக் கேளுங்க சம்பந்தி.”

“அட, நீங்க முதல்ல…”

இன்னும் குறைத்தார்கள். அப்புறம் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

சென்னியப்பனின் குதிகால் தானாகத் திரும்பியது. கால் தரையைத் தொட்டது. நின்றார்.

அர்த்தநாரி நிற்கவில்லை. “நீங்க…” என்று சொல்லிக்கொண்டே, வாக்கியத்தை முடிக்காமல், ரோட்டோர மண்ணில் சாய்ந்தார். மெதுவாக. மரியாதையாக.

லாரி போய்விட்டது.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

“ஏனுங்க, அவரு யாருங்க?” என்று ஒருவர் கத்தினார்.

“என் சம்பந்திங்க.”

“சம்பந்தியை விழ உட்டுப்போட்டு நீங்க நின்னு பாக்கறீங்களாக்கும்!”

பேக்கரி சிரித்தது.

சென்னியப்பன் கீழே பார்த்தார். அர்த்தநாரியின் இரண்டு காலும் பெடலில் மாட்டியிருந்தன. புரட்டிப் போட்ட வண்டு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

கை கொடுத்துத் தூக்கலாம். சென்னியப்பன் கையை நீட்டப் பார்த்தார்.

நீட்டினால் அவர் எழுந்துவிடுவார். அப்புறம் கல்யாணம், வளைகாப்பு, பேரன் காதுகுத்து என்று எல்லா இடத்திலும் ஒருவர் தூக்கிவிட்டவர், ஒருவர் தூக்கிவிடப்பட்டவர்.

நீட்டிய கையை மறுபடி ஹேண்டிலில் வைத்தார்.

காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார்.

டக்.

சம்பந்திக்குப் பக்கத்தில் போய் விழுந்தார்.

பேக்கரிக்கு அன்று நல்ல நாள்.



சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு பேரும் படுத்திருந்தார்கள்.

“நீங்களுமா சம்பந்தி?” என்றார் அர்த்தநாரி.

“ரோடு வழுக்குதுங்க.”

ரோடு காய்ந்து கிடந்தது. அர்த்தநாரி அதைப் பார்த்தார். பிறகு சென்னியப்பனின் கைகளைப் பார்த்தார். இரண்டும் ஹேண்டிலில் இருந்தன.

“நீங்க கையை ஊனலையே.”

சென்னியப்பன் அவர் கைகளைப் பார்த்தார்.

“நீங்களும் ஊனலைங்களே.”

அர்த்தநாரி பேக்கரிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

“மணல் குழிங்களா?” என்றார் அர்த்தநாரி, ரகசியமாக.

“மணல் குழிதானுங்க.”

“காலையிலயா?”

“காலையிலதானுங்க. அப்ப அந்தக் கனமான பையன்…”

“நானுங்க.”



மறுநாள் காலை இரண்டு பேரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தார்கள். சென்னியப்பன் இறங்கி நின்றார். அர்த்தநாரிக்குக் கழற்றத் தைரியம் வரவில்லை. நேராக வந்து, மணல் குழியருகே இருந்த கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“யாரு விழுந்தது?” என்றார் ஜெசிந்தா டீச்சர்.

“ரெண்டு பேருமுங்க” என்றார் சென்னியப்பன் அவசரமாக.

“யாரு முதல்ல?”

“ஒண்ணாத்தானுங்க. ரோடு…”

“நான்தானுங்க முதல்ல” என்றார் அர்த்தநாரி. “இவரு நின்னுட்டாருங்க.”

“அதெல்லாம் இல்லைங்க டீச்சர்.”

“மூஞ்சியை நான் அந்தப் பக்கம் வெச்சிருந்தனுங்க. ஆனா காதுல ‘டக்’குனு ஒரு சத்தம் விழுந்துச்சு. அப்புறந்தான் இவரு விழுந்தாரு.”

சென்னியப்பன் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கையைக் காட்டுங்க” என்றார் டீச்சர்.

சென்னியப்பன் காட்டினார். ஒரு கீறல் இல்லை.

டீச்சர் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தையும் பார்த்தார்.

“நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்.”

“அப்ப நானுங்க?” என்றார் அர்த்தநாரி, கம்பத்தை விடாமல்.

டீச்சர் ஒரு விரலை நீட்டினார்.