நாரையைப் பார்த்தபடி ஓடிய நண்டு

நண்டும் நாரையும் ஒரே பாஷையில் ஏசிக்கொண்ட அந்தக் காலத்தில், நண்டுகள் நேராகத்தான் ஓடின. வளையை விட்டுக் கிளம்பினால் கடலைப் பார்த்தபடி ஒரே ஓட்டம். பக்கத்தில் பார்ப்பது கோழைத்தனம். பாதியில் வளைக்குத் திரும்புவது அதைவிட மானக்கேடு. அது அந்தக் குலத்தின் கட்டுப்பாடு. கரையோர நீரில் ஒற்றைக்காலில் நின்ற நெட்டையன் என்ற நாரை, அவற்றை மானத்தோடு சேர்த்தே விழுங்கினான்.

செவந்தி என்ற நண்டுக்கு வயிற்றடியில் முட்டை நிறைந்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் கடல்நீரில் உதறாவிட்டால் அத்தனையும் காய்ந்துபோகும். வழியில் ஒரே ஒரு பழைய வளை காலியாகக் கிடந்தது.

"கண்ணை மூடிக்கிட்டு ஓடிரு," என்றான் அவள் புருஷன் முண்டன்.

"உங்க அண்ணன் அப்படித்தானே ஓடினாரு?"

முண்டனின் கண் நாரையின் வயிற்றுப் பக்கம் போனது.

செவந்தி வளை வாயிலிருந்து நாரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொத்துவதற்குமுன் அவன் மடக்கிய காலை ஊன்றினான். வீசிய கழுத்தை நடுவில் நிறுத்த அவனால் முடியவில்லை. அவ்வளவு போதும் அவளுக்கு. முகத்தை நாரை பக்கம் வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நாலடி எடுத்து வைத்தாள்.

"என்னடி, நடக்கவே மறந்துட்டியா?" என்று சிரித்த நெட்டையன் காலை ஊன்றினான். செவந்தி சட்டென்று வளைக்குள் திரும்பிவிட்டாள். அலகு நிறைய மணல்.

"திரும்பி வந்துட்டியே! இனி வெளியில தலைகாட்ட முடியுமா?" என்றான் முண்டன்.

"தலை இருந்தாத்தானே காட்டுறதுக்கு!"

மறுபடி நாலடி. மறுபடி வளை. ஆறு முறை மணல் தின்ற நெட்டையனுக்கு எரிச்சல் ஏறியது. ஏழாவது முறை அவள் வெளியே வந்தபோது, அவன் காலடியில் ஒரு மடவை மீன் துள்ளியது. பழக்கதோஷம்; கழுத்து மீன்மேல் பாய்ந்தது. அவன் விழுங்கி நிமிர்வதற்குள் செவந்தி வழியிலிருந்த அந்தப் பழைய வளையில் இருந்தாள்.

அதற்கப்பால் வளையே இல்லை. நெட்டையன் நடந்துவந்து எதிரே ஒற்றைக்காலில் நின்றான்.

"இனி எங்கடி போவே, குண்டம்மா?"

"போற இடத்தைச் சொல்லிக்கிட்டா போவாங்க, நெட்டை மாமா?"

நாலடி வந்தாள். அவன் அசையவில்லை, ஏமாறி அலுத்திருந்தான். முட்டை சூடேறுவது அவளுக்குத் தெரிந்தது. ஐந்தாவது அடியையும் வைத்தாள். இனித் திரும்ப முடியாத தூரம். இருவருக்கும் அது தெரியும்.

நாரையின் கால் மணலில் பட்டது. அலகு வரட்டும் என்று செவந்தி காத்திருக்கவில்லை. கால் பட்ட கணமே, அவனைப் பார்த்த முகத்தைத் திருப்பாமல், கடல் பக்கம் பாய்ந்தாள். அலகுக்கு அகப்பட்டது பின்னங்கால் ஒன்றுதான். அதை அவனுக்கே விட்டுவிட்டு அலைக்குள் விழுந்து, வயிற்றை உதறினாள். முட்டைகள் நீரில் புகையாய்ப் பரவின.

ஒரு கால் குறைந்து அவள் வீடு திரும்பியபோது, முண்டன் வளை வாயிலில் வெட்கத்தோடு பக்கவாட்டில் நடந்து பழகிக்கொண்டிருந்தான்.

அந்த ஐந்தாவது அடியிலிருந்துதான், எந்தக் கரையிலும் நண்டு முகத்தை நம் பக்கம் வைத்துக்கொண்டு, கால்களை மட்டும் கடல் பக்கம் ஓடவிடுகிறது.